வேலையை நிறுத்தச் சொல்லும் பாடம்

சிங்கப்பூரின் தேக்காவில் ஒரு தனியார் கல்லூரியில் ஞாயிறு மதியம் பாதுகாப்பு டிப்ளமா வகுப்பு எடுக்கிறேன். மாணவர்கள் எல்லாரும் கட்டுமான ஊழியர்கள். பாடத்திட்டத்தின் முதல் பக்கத்திலேயே நோக்கம் கொட்டை எழுத்தில் இருக்கும்: ஆபத்தைக் கண்டால் மாணவர் வேலையை நிறுத்துவார். பக்கத்துக் கட்டத்தில், கற்பிக்கும் முறை: ஸ்லைடு. தேர்வு: நான்கு விடைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுப்பது. இதை எழுதிய புண்ணியவான் யாரென்று எனக்குத் தெரியாது.

ஒரு மணி நேரம் கொடுங்கள், நடித்துப் பேசிப் பழகட்டும் என்று நிர்வாகியிடம் இரண்டு முறை கேட்டேன். தொண்ணூறு ஸ்லைடையும் முடித்துவிட்டு என்ன வேண்டுமானாலும் செய்யுங்கள் என்றார். அதை முடிப்பதற்குள்ளேயே மூச்சு வாங்கிவிடும். மூன்றாவது முறை நான் கேட்கவில்லை.

போன மாதம் வகுப்பு முடிந்தும் ஒருவர் மட்டும் எழுந்திருக்கவில்லை. இரண்டு பிள்ளைகளின் அப்பா. தேர்வில் முழு மதிப்பெண் வாங்கியவர். அவர் வேலை செய்யும் கட்டடத்தில், சாரத்தின் நான்காவது தட்டில் ஒரு பலகை கட்டில்லாமல் ஆடுகிறதாம். மூன்று நாளாகப் பார்க்கிறார், சூப்பர்வைசரைக் கண்டால் பேச்சு வருவதில்லை என்றார்.

“நாளைக்குக் காலையில அதுலதான் ஏறணும் சார். எப்படிச் சொல்றது?”

விளக்கை அணைக்க வந்த காவலாளியிடம் பத்து நிமிடம் கேட்டு வாங்கினேன். நானே சூப்பர்வைசர் ஆனேன். ஏன் நிக்கிற, ஏறு என்று அதட்டினேன். தலையைக் குனிந்து “சரி சார்” என்றார். குரலைத் தணித்துக்கொண்டு மறுபடி ஏறச் சொன்னேன். மறுபடியும் “சரி சார்”. மூன்றாவது தடவை ‘பலகை’ வரைக்கும் வந்தது, அதற்குமேல் வரவில்லை. எனக்கு அழுகையே வந்துவிட்டது. நானே புகார் கொடுக்கவா என்றேன். யார் சொன்னதென்று தெரிந்துவிடும், வேண்டாம் என்று கையெடுத்துக் கும்பிட்டார். கிராஞ்சியில் இருக்கும் ஊழியர் விடுதிக்குப் போகிற பஸ்ஸைப் பிடிக்கவேண்டுமென்று கிளம்பிவிட்டார்.

மறுநாள் சாப்பாட்டு நேரத்தில் போன் செய்து, சொன்னீங்களா என்று கேட்டேன்.

“சொல்லல சார். ஏறி இறங்கிட்டேன், ஒண்ணும் ஆகல. சாப்பிட்டுட்டு திரும்ப ஏறணும்.”

“பாத்து ஏறுங்க” என்றேன்.

நானும் அவரை ஏறத்தான் சொல்லியிருக்கிறேன் என்பது போனை வைத்த பிறகுதான் உறைத்தது.