ஒரு வேளைக்கு ஒரு வயல்

கம்ப்யூட்டர் படிப்பின் ஐந்தாவது செமஸ்டரில், சர்வர் வேலையைச் சொல்லித்தரும் பேக்எண்ட் பாடத்துக்கு ஆளுக்கொரு வெப்சைட் ப்ராஜெக்ட் செய்ய வேண்டும் என்றார்கள். வகுப்பில் பாதிப்பேர் துணிக்கடை, மீதிப்பேர் ஓட்டல் என்று எழுதிக் கொடுத்தார்கள். நான் ‘அறுப்பு மிஷின் முறை’ என்று எழுதினேன். பக்கத்தில் இருந்தவள் எட்டிப் பார்த்துச் சிரித்தாள்.

எங்கள் ஊர் சீவலப்பேரியில் அப்பா நெல்லறுக்கும் மிஷின் ஓட்டுகிறார். வண்டிமேல் ஏறிவிட்டால் போன் அடிப்பது அவருக்குக் கேட்காது. அதனால் யாருக்கு எந்த நாள், காலையா மதியமா என்று முறை சொல்வது அம்மாவின் வேலை. காலண்டரில் தேதிக்கு நேரே பேர் எழுதி வைப்பாள். அந்த வருஷம் கார் பருவத்து அறுப்பில், அம்மா போனில் ஒருவருக்குச் சொன்ன காலை வேளையை அப்பா வயக்காட்டில் வைத்து இன்னொருவருக்கும் சொல்லிவிட்டார். விடிந்ததும் இரண்டு பேரும் வண்டிக்கு முன்னால் வந்து நின்றார்கள். ஒருவர் வயலை அறுத்து முடிப்பதற்குள் மழை பிடித்துக்கொண்டது. மற்றவர் நெல் சாய்ந்து தண்ணீரில் கிடந்தது.

அவர் நேராக எங்கள் வீட்டுக்கு வந்தார்.

“காலைல எனக்குன்னு சொன்னீயளா இல்லையா? ஒரு பேரை ஒழுங்கா எழுதத் தெரியாதவிய எதுக்கு இந்த வேலைக்கு வாரீய?”

தெருவே கேட்டது. அது அப்பா செய்த பிசகு என்று அம்மா சொல்லவில்லை. கொடியில் கிடந்த துணியை எடுக்கப் போய்விட்டாள். எனக்குத்தான் ஆறவே இல்லை.

நான் செய்த பக்கத்தில் அலங்காரம் எதுவும் கிடையாது. தேதி, வேளை, பேர், ஒரு பட்டன். வேலையெல்லாம் பின்னால் சர்வரில். கேட்ட வேளை காலியா என்று டேட்டாபேஸில் பார்க்கும். காலி என்றால் பேரை எழுதிவிடும். மூன்று வாரத்தில் முடித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை அம்மாவிடம் காட்டினேன். பக்கத்து வீட்டு அத்தையும் கூட இருந்தாள்.

“ரெண்டு பேரு ஒண்ணுபோல அமுக்குனா என்னட்டி செய்யும்?” என்றாள் அம்மா.

“மொத ஆளுக்குத்தான் குடுக்கும்.”

“அமுக்கிப் பாப்போம்.”

ஆளுக்கொரு போனில் ஒரே தேதி, ஒரே வேளையை வைத்து அமுக்கினார்கள்; தடவைக்கு ஒரு புதுத் தேதி. நாலு தடவை சரியாக வந்தது. ஐந்தாவது தடவை இரண்டு போனிலும் ‘உங்கள் முறை உறுதி’ என்று வந்தது.

அத்தை கைதட்டிச் சிரித்தாள். அம்மா சிரிக்கவில்லை. “இதுவும் எங்களை மாதிரித்தான் செய்யுது” என்றாள்.

உண்மைதான். சர்வர் ஒருவருக்காகக் காலியா என்று பார்த்து, பேரை எழுதப்போகும் இடைவெளியில் இன்னொருவருக்காகவும் பார்த்துவிடுகிறது. இருவருக்கும் காலி என்றே தெரிகிறது. ஒரே தேதி, ஒரே வேளை இரண்டாம் தடவை எழுத வந்தால் டேட்டாபேஸே மறுத்துவிட வேண்டும் என்று மாற்றினேன். மாற்றியது சில வரிகள்தான். அதற்கு ஒன்பது நாள் மண்டையை உடைத்துக்கொண்டேன். அம்மாவும் அத்தையும் மறுபடி உட்கார்ந்து விரல் வலிக்கும்வரை அமுக்கினார்கள். ஒரு தடவைகூட இருவருக்குக் கிடைக்கவில்லை.

வாய்மொழித் தேர்வான வைவாவுக்கு, மதிப்பெண் போட வேறு கல்லூரியிலிருந்து எக்ஸ்டர்னல் வந்திருந்தார். எனக்கு முன்னால் போனவர்களின் கடைகளில் படம் ஓடியது, வண்ணம் மாறியது. என் பக்கத்தைப் பார்த்ததும் கண்ணாடியைக் கழற்றிவிட்டார்.

“இவ்வளவுதானாம்மா? இது நோட்டுல எழுதுற வேலைதானே?”

“நோட்டுல ஒரே வேளைக்கு ரெண்டு பேரை எழுதிரலாம் சார். இதுல முடியாது.”

“எல்லாரும் அப்படித்தான் சொல்வாங்க.” எழுந்து லேப் முழுக்கக் கேட்கும்படி சொன்னார்: “எல்லாரும் இந்தப் பொண்ணோட பக்கத்தைத் திறங்க. நாளைக்கு, காலை வேளை. நான் மூணு சொன்னதும் அமுக்கணும்.”

முப்பத்திரண்டு கம்ப்யூட்டர். இரண்டு போனை வைத்துத்தான் சோதித்திருந்தேன்.

“ஒண்ணு… ரெண்டு… மூணு!”

மூலைக்கு மூலை “எனக்கு இல்லை”, “எனக்கும் இல்லை” என்று குரல் வந்தது. ‘இந்த வேளை பதிவாகிவிட்டது. அடுத்த காலி: மதியம்’ என்று அவர்கள் திரையிலெல்லாம் நின்றது. அன்று நான் எழுதியதை எட்டிப் பார்த்துச் சிரித்தவள் மட்டும் எழுந்து, “சார், எனக்குக் கெடைச்சிருக்கு” என்றாள்.

அவர் விடவில்லை. தேதியை மாற்றி மாற்றி இன்னும் மூன்று தடவை எண்ணினார். கடைசியில் என் நாற்காலியில் அவரே உட்கார்ந்து டேட்டாபேஸைத் திறந்தார். நாலு தடவைக்கு நாலே பதிவு.

“இந்தத் தப்பு வரும்னு எப்படித் தெரிஞ்சுது?”

“எங்கம்மா கண்டுபிடிச்சாங்க சார்.”

“அம்மா எங்க வேலை பாக்காங்க?”

“வயக்காட்டுல நடவுக்குப் போவாங்க. மிஷினுக்கு முறை சொல்லுதவங்களும் அவங்கதான்.”

அவர் வகுப்பைத் திரும்பிப் பார்த்து, “சோதிக்கிறதுன்னா இப்படிச் சோதிக்கணும்” என்றார். லேப்பே கைதட்டியது. வகுப்பில் முதல் மதிப்பெண் எனக்குத்தான். பஸ்ஸில் உட்கார்ந்து அம்மாவுக்குப் போன் போட்டுச் சொன்னபோது குரல் உடைந்துவிட்டது. “அழுத மாதிரி கேக்குதே, தோத்துட்டியோ?” என்றாள்.

அடுத்து வந்த பிசானப் பருவத்து அறுப்பு முழுக்க அதில்தான் முறை போட்டோம். போன் வைத்திருப்பவர்கள் தாங்களே போட்டார்கள். மற்றவர்களுக்கு அம்மா போட்டாள். ஒரு சண்டைகூட வரவில்லை. அறுப்பு பாதி நடக்கும்போது ஆற்றுக்கு அக்கரையிலிருந்து இன்னொரு மிஷின்காரர் பைக்கில் வந்து வாசலில் இறங்கினார்.

“ஏம்மா, எங்க வண்டியையும் அதுல சேத்துவிடுவீயளா?”

அம்மா என்னைக் கேட்கவே இல்லை. “ரெண்டு நாள்ல சேத்துத் தாரோம் அண்ணாச்சி” என்றாள்.

அன்று சாயங்காலமே தேதி, வேளையோடு எந்த வண்டி என்பதற்கும் ஒரு கட்டம் சேர்க்க உட்கார்ந்தேன்.