சரிவில் மட்டும் வந்த சத்தம்

“கியர்பாக்ஸ் தேய்ந்துள்ளது, இறக்க வேண்டும்” என்று போன திங்கட்கிழமை மெக்கானிக் எழுதிக் கொடுத்தார். எங்கள் பழைய ஆட்டோமேட்டிக் காரில், ‘பார்க்’ நிலையிலிருந்து கியரை எடுக்கையில் ‘டொக்’ என்று சத்தம் வந்தது.

“இதுக்குச் செலவு பண்ணாதீங்க. ஒரு விலை போட்டு நானே எடுத்துக்கறனுங்க” என்றும் சொன்னார். அதுதான் எனக்கு உறுத்தியது.

“ஏனுங்க, ஊட்டுல எடுக்கறப்ப சத்தமே வர்றதில்லீங்களே? உங்க குடோனுக்கு வந்தாத்தான் அதுக்கு நோவு வருதாக்கும்!” என்றாள் மனைவி என்னிடம்.

சோதித்தேன். காதர்பேட்டையில் என் குடோன் வாசல் சரிவில் நிறுத்தி எடுக்கையில் மட்டுமே சத்தம் வந்தது. ஹேண்ட்பிரேக் போடாததால், வண்டியின் எடை முழுவதும் ‘பார்க்’ நிலையின் கியர் பூட்டில் தொங்கியிருக்கிறது; அது விடுபடும்போதுதான் அந்த ‘டொக்’. இப்போது பிரேக்கை மிதித்தபடி முதலில் ஹேண்ட்பிரேக் போடுகிறேன், பிறகே ‘பார்க்’. சத்தம் இல்லை.

மெக்கானிக் தவறாகக் கணித்தாரா, காருக்கு ஆசைப்பட்டாரா என்பதை மட்டும் இன்னும் உறுதிசெய்ய முடியவில்லை.