கீழே விழுந்த நட்சத்திரம்

ஆரணியில் என் மனைவியின் ரவிக்கைக்காகக் காத்திருந்த கடையில்தான் அந்த மெஷின் எம்பிராய்டரிக்காரரைப் பார்த்தேன். ஒல்லியான மனிதர். ஊசியை இறக்குமுன் ஒவ்வொரு முறையும் மூச்சை அடக்கிக்கொள்வார். அன்று அவர் தைத்தது துணியில் அல்ல, அட்டையில். நடுவில் ஒரு நட்சத்திரத்தோடு, கிறிஸ்துமஸ் வாழ்த்துக்கான மாதிரி. மாலையில் வரும் பாஸ்டருக்குப் பிடித்துவிட்டால் சபையின் அட்டைகள் எல்லாம் இவர் கைக்கு வரும்.

நட்சத்திரத்தின் ஓரத் தையல்களை எண்ணினேன். "இருபத்தெட்டுதான் இருக்கு. பட்டினி கெடந்த நட்சத்திரம் மாதிரி இருக்கே."

"நெருக்கிப் போட்டா அட்டை தாங்காது சார்."

"நடுநடுவே இன்னொரு சுத்து ஓட்டித்தான் பாருங்களேன்."

என்னை ஒரு கணம் பார்த்தார், ஓட்டினார். துளைகள் ஒன்றோடொன்று சேர்ந்து, நட்சத்திரம் தபால்தலை கிழிவதுபோல் கழன்று கீழே விழுந்தது.

அந்த நேரம் பார்த்து பாஸ்டர் வாசலில் வந்து நின்றார். எம்பிராய்டரிக்காரர் பதறவில்லை. ஓட்டைக்குப் பின்னால் மஞ்சள் பட்டுத் துண்டு ஒன்றை ஒட்டி நீட்டினார்.

பாஸ்டர் வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். "உள்ளேர்ந்து எரியிற மாதிரியே கீதே! எல்லாத்தையும் இப்படியே போடுங்க."

அவர் போனதும் இவர் சிரித்தார். "சும்மா உக்காந்துகினு பேஜார் பண்ணிட்டீங்களே சார்! இனிமே ஒவ்வொரு அட்டையையும் கரெக்டா கிழிக்கணும்."

தாங்காது என்று தெரிந்தவர், கையிலிருந்த ஒற்றை மாதிரியில் ஏன் ஓட்டினார்? என் நச்சரிப்புக்காகவா, விழுவதைப் பார்க்க அவருக்கும் ஆசையா? எனக்கு இன்னும் விளங்கவில்லை.