சொந்த வாக்கியம்

இரவல் மொழியில் எழுதுகிறவருக்குச் சொந்த வாக்கியம் என்று ஒன்று உண்டா? வெளிநாடு போய் வேலை பார்த்த ஒரு நர்ஸின் வாழ்க்கை இப்படிக் கேட்பதுபோல் எனக்குத் தோன்றியதுண்டு. அவர் கேட்டதில்லை. பதவி உயர்வுக்குப் பட்டம் வேண்டியிருந்ததால் நாற்பது வயதில் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தவர் அவர்.

முதல் கட்டுரையில் அறிஞர்களின் வரிகளை அப்படியே எழுதியிருந்தார். வார்டில் டாக்டர் எழுதிய மருந்துக் குறிப்பில் ஒரு சொல் மாறினாலும் உயிருக்கு ஆபத்து, அந்தப் பழக்கம். பேராசிரியை அதைத் திருட்டு என்றார். இன்னொரு முறை நடந்தால் படிப்பிலிருந்து நீக்கிவிடுவார்களாம். அன்றிலிருந்து தானாக ஒரு நல்ல வரி வந்தால்கூட, எங்கோ படித்ததாக இருக்குமோ என்று பயந்து அடித்துவிடுவார்.

அந்த நாட்டு மொழியிலேயே வளர்ந்த நாத்தனார் இரண்டாம் கட்டுரையைத் திருத்திக் கொடுத்தாள்.

"அழகா இருக்கு பாருங்க, அண்ணி."

"அதான் பயமா இருக்கு."

"மொழியைத் திருத்திக்கலாம்னு உங்க பேராசிரியையே சொல்லிட்டாங்களே! தப்போட குடுத்தா ஃபெயில்தான். ஊசி போடற கைக்கு இவ்வளவு பயமா?"

"ஊசி குத்தினா அடுத்தவங்களுக்குத்தானே வலிக்கும்!"

இருவரும் சிரித்தார்கள். அண்ணியின் சிரிப்பு பாதியிலேயே நின்றுவிட்டது.

கட்டுரையைக் கொடுக்க வேண்டிய கடைசி நாளன்று, திருத்தியது, திருத்தாதது என இரண்டு பிரதிகளையும் எடுத்துக்கொண்டு போனார். துறை அலுவலகத்தின் பெட்டிமுன் வெகுநேரம் நின்றார். பிறகு, பிழைகள் நிறைந்த தன் பிரதியைப் பெட்டியில் போட்டார். நாத்தனார் திருத்தியதை மடித்துக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டார்.