கண்ணுநோண்டி அழகையா

அழகையா என் பொண்டாட்டி கலாராணியோட தம்பி. தோட்டத்துல இப்ப எல்லாரும் அவனை ஆகா ஓகோங்கிறாங்க. நான் சொல்லமாட்டேன். உள்ளதை உள்ளபடி சொல்றேன், கேட்டுக்கங்க.

பூனாகலைப் பக்கம் எங்க தேயிலைத் தோட்டத்துப் பேக்டரியில, கொழுந்து வாட்டுற மாடியில அவனுக்கு வேலை. தொண்ணூத்தேழுல காலு வீங்கி, மூஞ்சி வீங்கி, ரெண்டு கிட்னியும் போச்சுன்னு கண்டி ஆஸ்பத்திரியில கையை விரிச்சிட்டாங்க. யாராச்சும் ஒண்ணு குடுத்தா பொழைப்பான். சொந்தக்காரன் அம்புட்டுப் பேரும் ஆளுக்கொரு சாக்குச் சொன்னான். என் பொண்டாட்டி நான் தாரேன்னு நின்னா. என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டாளா? இல்லை. இவனாச்சும் வந்து, மச்சான், அக்கா இப்படிச் சொல்லுது, உங்களுக்குச் சம்மதமான்னு கேட்டானா? அதுவும் இல்லை. அக்காளும் தம்பியும் ரத்தம் சோதிச்சு, ஆப்பரேசனுக்கு நாள் குறிச்ச பெறகுதான் கட்டினவனுக்கே தெரியும். அன்னைக்குப் பிடிச்ச கடுப்பு இது.

பொய் சொல்லக்கூடாது, கலாராணிக்கு ஒண்ணும் ஆகலை. ஆறேழு மாசத்துல மலைக்குப் போயிட்டா, பழையபடி கொழுந்து எடுத்தா. ஆனா அவ இடுப்பைப் பிடிச்சிக்கிட்டு ஒரு நாள் உக்காந்தாலும் நான் அவன் லயத்து வீட்டு வாசல்ல போய் நின்னு ஏசிட்டுத்தான் வருவேன். அவன் மாத்திரையைப் பிரிச்சுக்கிட்டு உக்காந்திருப்பான்.

பொழைச்சவன் கம்முனு கெடந்தானா? ஹல்துமுல்லை, லுணுகலைன்னு தோட்டம் தோட்டமா அலைய ஆரம்பிச்சான். எவனுக்காச்சும் காலு வீங்கிருச்சுன்னு கேள்விப்பட்டா போதும், மொத பஸ்ஸுல அவனைக் கிளினிக்குக் கூட்டிட்டுப் போவான். கிட்னி வச்சிட்டு வந்தவன் வீட்டுல போய், மாத்திரையை ஒரு வேளையும் விடாதேன்னு உயிரை எடுப்பான். அதோட விட்டாலும் பரவாயில்லை. எழவு வீட்டுக்குப் போனாலும், மண்ணு திங்கப்போற கண்ணுதானே, குடுத்தா ரெண்டு பேரு பாப்பாங்களேன்னு ஆரம்பிச்சிருவான். சனம் சும்மா விடுமா? கண்ணுநோண்டின்னு பேரு வச்சிருச்சு. பொம்பளைங்க வெளக்கமாத்தைத் தூக்கினாளுக. லுணுகலையில ஒரு தோட்டத்துல கிட்னி யாவாரின்னு நெனச்சு அடிச்சே போட்டாங்க. நான்தான் போய்க் கூட்டிட்டு வந்தேன், வழி நெடுக ஏசிக்கிட்டே வந்தேன்.

ரெண்டாயிரத்து மூணுல, நாடில்லாமக் கெடந்த எங்க சனத்துக்குப் பிரஜாவுரிமை குடுக்கச் சட்டம் வந்துச்சு. எந்தத் தோட்டத்துல பாத்தாலும் மேசையைப் போட்டு ஃபோம் நெரப்பினாங்க. இந்தக் கூத்துலதான் இவனும் காலையில வேலைக்குப் பேர் குடுக்கிற பெரட்டுக் களத்துல ஒரு மேசையைப் போட்டு, கண்ணு தானம் பண்ற ஃபோமைக் கொண்டாந்து வச்சான். பூராவும் சிங்களம். எங்க சனம் மேசையைக் கண்டா வரிசையில நின்னுரும். எங்க பாட்டன் காலத்துல இருந்து நின்னு நின்னு பழகின காலு. இவன் கண்ணு, தானம்னு தொண்டை கிழியக் கத்தினான், ஒருத்தன் காதுல வாங்கலை. நூத்துக்கு மேல கையெழுத்தும் கைநாட்டும் விழுந்துச்சு. நானும் போட்டேன். போட்டுட்டு, பிரஜாவுரிமைக் கார்டு எப்படா வரும்னு கேட்டேன். அப்பத்தான் அவனுக்கே விளங்குச்சு. மூஞ்சி செத்துப்போச்சு.

விசயம் லயமெல்லாம் பரவிருச்சு. பிரஜாவுரிமைன்னு ஏமாத்தி எங்க கண்ணை எழுதி வாங்கிட்டான்னு கத்தியும் கம்புமா சனம் திரண்டுச்சு. முன்னாடி போனது யாரு? நான்தான். ஃபோமையெல்லாம் கட்டோட பிடுங்கிக் களத்து நடுவுல போட்டு, மண்ணெண்ணெயை ஊத்தி நானே கொளுத்தினேன். ஆறு வருசக் கடுப்பு தீந்தது போல இருந்துச்சு. கலாராணி அன்னைக்குப் பூரா என்கூடப் பேசலை. தம்பிக்காகக் கோவமா இருக்கான்னு நெனச்சேன்.

ரெண்டு வருசம் கழிச்சு ஒரு நாள் காலையில, பெரட்டுக்குக் கிளம்பின கலாராணி நெஞ்சைப் பிடிச்சிக்கிட்டு உக்காந்தா. டிஸ்பென்சரிக்குத் தூக்கிட்டுப் போறதுக்குள்ள உசுரு போயிருச்சு. அப்ப மணி ஏழு. டாக்டர் வந்து பாத்துட்டு இது நெஞ்சு வியாதி, கிட்னிக்கும் இதுக்கும் சம்பந்தமில்லைன்னாரு. யாரு கேட்டா? அக்காளை முழுங்கிட்டான்னு சொந்தக்காரங்க அவன் காது படவே பேசினாங்க.

அவளை வீட்டுக்குக் கொண்டாந்து கெடத்தினதுல இருந்து அழகையா எங்க லயத்துச் செவத்துல சாஞ்சு நின்னான். கண்ணு எடுக்கிறதுன்னா அஞ்சாறு மணி நேரத்துக்குள்ள எடுக்கணும்னு அவன் ஊருக்கெல்லாம் சொன்னது எனக்கு மனப்பாடம். இப்ப வருவான், வந்து வாயைத் தொறப்பான்னு நான் காத்துக்கிட்டு இருந்தேன். தொறந்தா பல்லைக் கழட்டிடணும்னு கையை முறுக்கிக்கிட்டே இருந்தேன். பத்து மணியாச்சு, பன்னெண்டாச்சு. அவன் நின்ன எடத்தை விட்டு அசையலை. மூணு மணிக்குச் சவப்பொட்டி வந்துச்சு, தப்பு மேளமும் வந்துருச்சு. எனக்குப் பொறுக்கலை. எழுந்து போய் அவன் சட்டையைப் பிடிச்சேன்.

"ஊரு பூரா கேட்டியேடா, இவளுக்கு மட்டும் ஏண்டா கேக்கலை?"

"அக்காவும் அன்னைக்குக் கையெழுத்துப் போட்டுச்சு, மச்சான். அந்த வரிசையிலேயே என்னான்னு தெரிஞ்சு போட்டது அது ஒண்ணுதான். நீங்க எரிச்சதுல அந்த ஃபோமும் போயிருச்சு."

"அதை இப்பச் சொல்றியா? காலையில சொல்றதுக்கு என்ன?"

"ஒருதடவை உங்ககிட்டக் கேக்காமயே கிட்னியை எடுத்துட்டேன். இன்னொருதடவை வந்து நிக்க வாய் வரலை, மச்சான்."

நான் மணியைப் பாத்தேன். எட்டு மணி நேரம் ஓடியிருந்துச்சு. இனி ஆஸ்பத்திரிக்கு ஆள் அனுப்பியும் பிரயோசனமில்லை. அவ ஆசைப்பட்டது தெரிஞ்சும், அந்தக் கண்ணோட அவளைக் கொண்டுபோய்ப் புதைச்சோம்.

இப்ப, அவனால பொழைச்சவங்களைப் பாத்துட்டுச் சனம் அவனைப் புகழ்ந்தா எனக்குப் பத்திக்கிட்டு வருது. ஊரான் வீட்டுல அடி வாங்கி வாங்கிக் கேட்டவன், என் வீட்டுல ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்டிருந்தா அடிச்சிருப்பேன். அடிச்சிட்டுக் குடுத்திருப்பேன்.