முன்னால் நடக்கச் சொன்னார்கள்

போன வருடம் பலாப்பழக் காலத்தில், கொல்லிமலையில் நடந்தது இது. திண்ணனூர் நாட்டில் எங்கள் ஊரிலிருந்து பஸ் நிற்கும் ரோட்டுக்கு ஒற்றையடிப் பாதைதான். சந்தை நாளில் நாங்கள் நாலைந்து பெண்கள் தலையில் பழத்தோடு வரிசையாக நடந்து, பஸ் பிடித்து, சோளக்காட்டில் விற்றுவிட்டு வருவோம்.

எனக்குச் சில மாதங்களாகவே இடது கால் சரியில்லை. கொஞ்ச தூரம் நடந்ததும் மரத்துப்போகும், பாதம் தரையில் இழுபடும். நாமக்கல்லில் பார்த்த டாக்டர், நரம்புக் கோளாறாக இருக்கலாம், ஸ்கேன் எடுத்தால்தான் தெரியும் என்றார். அதுவரை களைப்பு வருவதற்கு முன்பே உட்கார்ந்துவிட வேண்டுமாம். சொல்வது சுலபம்! எங்கள் ஊரில் களைத்து உட்கார்ந்தாலே ஒரு மாதிரி பார்ப்பார்கள். களைக்காமலே உட்கார்ந்தால் கேட்கவே வேண்டாம். விஷயம் தெரிந்தால் என்னைச் சந்தைக்கே கூப்பிட மாட்டார்களோ என்ற பயம் வேறு. வீட்டில் முடங்கிக் கிடப்பதை நினைத்தாலே எனக்கு அழுகை வரும். அதனால் வாயைத் திறக்காமல் வரிசையில் கடைசி ஆளாக நடப்பேன். கால் இழுத்தாலும் யாருக்கும் தெரியாதே.

ஆனால் கடைசி ஆளுக்குத்தான் ஓட்டம் அதிகம். மற்றவர்கள் விடுவிடுவென்று போவார்கள். நான் பின்தங்கி, பிறகு பல்லைக் கடித்துக்கொண்டு எட்டிப் பிடிப்பேன். ஒரு சந்தை நாளில் கிளம்பவே தாமதம், வெயில் ஏறிவிட்டது. ஓர் இறக்கத்தில் கால் சுத்தமாக என் பேச்சைக் கேட்கவில்லை. மடங்கி விழுந்தேன். தலையிலிருந்த பழம் உருண்டு பள்ளத்துக்குள் போய்விட்டது. கொஞ்சம் தள்ளி விழுந்திருந்தால் பழத்தோடு நானும் போயிருப்பேன்.

எல்லோரும் ஓடி வந்தார்கள். எழ முயன்றேன், முடியவில்லை. அழுதுகொண்டே எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். பக்கத்துத் தோட்டத்து அக்காவுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"ஏஞ்சாமி, இத்தன நாளா மூச்சு விடாம இருந்திருக்கியே, நாங்க என்ன அசலாரா?"

காலில் உணர்வு திரும்பும்வரை எல்லோரும் அங்கேயே உட்கார்ந்தார்கள். பஸ் போய்விட்டது. ஒருவர்கூட முணுமுணுக்கவில்லை.

அடுத்த சந்தை நாளில் என்னைக் கூப்பிட வரமாட்டார்கள் என்றுதான் நினைத்தேன். விடிந்ததும் வாசலில் அதே அக்காவின் சத்தம். "கெளம்பு கண்ணு. உன் பழத்த நாங்க ஆளுக்கொண்ணாத் தூக்கிக்கறோம், நீ பைய மட்டும் எடு."

பாதை தொடங்கும் இடத்தில் வழக்கம்போல் ஒதுங்கி நின்றேன். யாரும் நகரவில்லை. "நீ முன்னால போ" என்றார் அக்கா. "உன்னய தாண்டிப் போறதுக்கு இங்க எடமா இருக்குது?"

அப்போதுதான் புரிந்தது. அந்தப் பாதையில் முதல் ஆளின் வேகம்தான் எல்லோருக்கும் வேகம். நான் நின்றால் அவர்களும் நிற்க வேண்டும். தயங்கித் தயங்கி நடந்தேன். ஒரு பலாமரத்தடியில், களைப்பு வருவதற்கு முன்பே, உட்கார்ந்தேன். பின்னால் ஒவ்வொரு சுமையாக இறங்கியது. "அப்பாடா! எம்பட முட்டியுந்தான் பாடாப் படுத்துது" என்றது ஒரு குரல். அது பொய் என்று எனக்குத் தெரியும். கண் நிறைந்துவிட்டது.

ஸ்கேன் எடுத்தாயிற்று. இன்னும் சில பரிசோதனைகள் பாக்கி. என்ன நோய் என்று டாக்டரே முடிவாகச் சொல்லவில்லை. கால் சில நாள் சொன்னபடி கேட்கிறது, சில நாள் கேட்பதில்லை. ஆனாலும் நான் உட்காரும்போதெல்லாம் எனக்குப் பின்னால் சுமை இறக்கும் சத்தம் கேட்கிறது. அது கேட்டுக்கொண்டிருக்கும்வரை, அந்த நோய்க்கு என்ன பெயர் வைத்தாலும் நான் பயப்படப் போவதில்லை.