எங்கள் ஓட்டுநர் கண்ணயர்ந்துவிட்டாள்

பதினொரு ஆண்டுகள் அவள் ஒரு ராக் இசைக்குழுவின் வேனை ஓட்டினாள். பாட்டுக்காரர்களை மட்டுமல்ல, கறுப்புப் பெட்டிகளில் அடைத்த ஸ்பீக்கர்கள், சிக்கலாகிக் கிடக்கும் ஒயர்கள், யாரோ கழற்றிப் போட்ட காலுறைகள் எல்லாவற்றையும் ஊர் ஊராகக் கொண்டு சேர்த்தவள். குழுவில் அவளுக்குப் பெயர் 'பைலட்'. பொம்பளை டிரைவரா என்று முகம் சுளித்த அமைப்பாளர்கள்கூட, சொன்ன நேரத்துக்குக் கால் மணி முன்னால் வேன் வந்து நிற்பதைப் பார்த்து வாயை மூடிக்கொண்டார்கள்.

அவளுக்குப் பக்கத்து இருக்கை குருவியுடையது. குருவி பாடகரின் மனைவி. ஒல்லியான உடம்பு, ஓயாத பேச்சு. அதனால் அந்தப் பெயர். பின்னால் ஆண்கள் சீட்டாடிக்கொண்டும் குறட்டை விட்டுக்கொண்டும் வர, முன்னால் இவர்கள் இருவரும் பேசிக்கொண்டே போவார்கள். பாடகர் எந்த ஊரில் எவளோடு காணாமல் போனார், திரும்பி வந்து என்ன கதை அளந்தார் என்பதெல்லாம் அந்த இருக்கையில்தான் கொட்டப்படும். பைலட் சாலையிலிருந்து கண்ணை எடுக்காமலே ஒரு கையால் கைக்குட்டையை நீட்டுவாள்.

"நீ மட்டும் இல்லேன்னா எனக்கு எப்பவோ பைத்தியம் பிடிச்சிருக்கும்டி" என்பாள் குருவி.

விபத்து நடந்தது பட்டப்பகலில். சாப்பாட்டுக்குப் பிறகு பின்னால் எல்லாரும் தூங்கிவிட்டார்கள். வளைவே இல்லாத சாலை.

"பத்தே நிமிஷம் கொடுடி. நேர் ரோடுதானே, குழந்தைகூட ஓட்டும்" என்று கெஞ்சினாள் குருவி.

பைலட் முன்பும் இரண்டு முறை கொடுத்திருக்கிறாள். இந்த முறையும் வண்டியை ஓரமாக நிறுத்தி இடம் மாறி உட்கார்ந்தாள். குருவியின் காப்பிக் குடுவையில் காலையிலிருந்து இருந்தது காப்பி அல்ல, மது என்பது அவளுக்குத் தெரியாது. சாலையோரம் நின்றிருந்த லாரியின் முதுகில் வேன் போய் மோதியது. கட்டு அறுந்த ஸ்பீக்கர் பெட்டி ஒன்று பேஸ் கிட்டார் வாசிப்பவரின் இடது கை மேல் விழுந்தது. மூன்று விரல்கள் நசுங்கின. அவர் நினைவிழந்து கிடந்தார்.

பாடகர் தட்டுத்தடுமாறி இறங்கி வந்து பைலட்டின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். குருவி ஏற்கெனவே குடித்துவிட்டு ஓட்டி ஒரு வழக்கில் மாட்டியவள். வீட்டில் இரண்டு வயதுப் பெண் குழந்தை.

"இன்னொரு தடவைன்னா அவ ஜெயிலுக்குத்தான் போகணும். நான்தான் ஓட்டினேன், அசதியில தூங்கிட்டேன்னு சொல்லிடு. மிஞ்சிப்போனா ஆறு மாசம் லைசன்ஸை நிறுத்தி வைப்பாங்க. அப்புறம் என்னைக்கும் நீதான் எங்க பைலட்."

 குருவி பைலட்டின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதாள். அந்த அழுகைக்காகத்தான் பைலட் தலையாட்டினாள்.

லைசன்ஸ் ஒரேயடியாகப் போனது. இரண்டாம் மாதமே குழு வேறொரு ஓட்டுநரோடு கிளம்பியது. குருவி ஒரு தடவை வந்து பார்த்தாள். பிறகு தொலைபேசி, பிறகு அதுவும் இல்லை. மருத்துவமனையில் பேஸ்காரரைப் பார்க்கப் போனபோது, "தூங்கிட்டேன், மன்னிச்சிடுங்க" என்றாள் பைலட். அவர் சுவர்ப் பக்கமாகத் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

ஓட்டத் தெரிந்த கைக்கு ஓட்ட வண்டி இல்லை. தங்கை வீட்டு மாடியில் ஓர் அறை, ஒரு பெரிய மருத்துவமனையின் சலவைக்கூடத்தில் வேலை. ஆவி பறக்கும் விரிப்புகளை இழுத்து, உதறி, மடித்து அடுக்கி இருபத்தாறு ஆண்டுகள் ஓடிவிட்டன.

அப்போதுதான் ராக் குழுக்களோடு வாழ்ந்த பெண்கள் ஒவ்வொருவராகத் தங்கள் கதையை எழுத ஆரம்பித்தார்கள். மனைவிகள், காதலிகள், கூடப் பாடியவர்கள். தங்கையின் மகள் அந்தப் புத்தகங்களை ஒன்று விடாமல் வாங்கிப் படிப்பவள். ஒரு ஞாயிற்றுக்கிழமை படி ஏறி ஓடி வந்தாள்.

"பெரியம்மா, உங்க குருவியும் எழுதிட்டாங்க! நீங்ககூட இதுல இருப்பீங்க!"

அட்டையில் 'எதையும் மறைக்காத புத்தகம்' என்று போட்டிருந்தது. பைலட் துணிகளுக்கு இஸ்திரி போட, அவள் சத்தமாகப் படித்தாள். மூன்று ஞாயிறு அப்படிப் போயிற்று. குருவி உண்மையிலேயே எதையும் மறைக்கவில்லை. கணவன் அடித்தது, தான் குடித்தது, மகளைப் பள்ளியிலிருந்து அழைத்துவர மறந்து மயங்கிக் கிடந்தது எல்லாவற்றையும் எழுதியிருந்தாள். கேட்கக் கேட்க பைலட்டின் நெஞ்சு லேசானது. இவ்வளவையும் சொன்னவள் அதையும் சொல்லியிருப்பாள்.

திடீரென்று படிப்பவளின் குரல் தேய்ந்தது.

"'அன்று மதியம் எங்கள் ஓட்டுநர் கண்ணயர்ந்துவிட்டாள். அவளை மன்னிக்க எனக்குப் பல ஆண்டுகள் ஆயின.'"

பைலட் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள். 

"நிஜமாவா, பெரியம்மா?"

பதில் வாசலில் நின்ற தங்கையிடமிருந்து வந்தது. "பொய். அன்னிக்கு இவளைக் குளிப்பாட்டி விட்டது நான்தான். பெல்ட் அழுத்தினது இடது தோள்ல கன்னிப்போயிருந்துச்சு. ஓட்டுறவங்களுக்கு வலது தோள்லதானே இருக்கணும்? அக்காவே சொல்லட்டும்னு இருந்தேன்."

அன்றுதான் பைலட் எல்லாவற்றையும் வாய்விட்டுச் சொன்னாள்.

அடுத்த மாதம் நகர நூலகத்தில் குருவி பேச வந்தாள். கையெழுத்து வாங்கும் வரிசையில் பைலட் கடைசியாக நின்றாள். குருவி நிமிர்ந்து பார்த்தாள். அடையாளம் தெரிந்ததும் எழுந்து கட்டிக்கொண்டாள்.

"எப்படிடி இருக்கே?"

"அந்தப் பக்கத்தைப் படிச்சேன்."

குருவியின் கை நழுவியது. "என் பொண்ணுக்குத் தெரியக் கூடாதுடி. வக்கீலும் வேண்டாம்னுட்டாரு."

"உண்மையை எழுதியிருக்க வேண்டாம், சரி. அந்த ஒரு பக்கத்தை விட்டிருக்கலாமே. மன்னிச்சேன்னு எதுக்கு எழுதினே?"

குருவி மேசை மேல் இருந்த பேனாவைத் திருகிக்கொண்டே இருந்தாள். "அந்த விபத்து இல்லாம கதை நகரலைடி" என்றாள் கடைசியில்.

பைலட் வெளியே வந்துவிட்டாள்.

நேரே பேஸ்காரரின் கடைக்குப் போனாள். உடைந்த கிட்டார்களைச் சரிசெய்யும் சின்னக் கடை. வளையாத மூன்று விரல்களால் ஒரு மரப்பலகையை அழுத்திப் பிடித்தபடி அவர் உப்புத்தாள் தேய்த்துக்கொண்டிருந்தார். அவள் சொல்லி முடிக்கும்வரை கை நிற்கவில்லை.

"இத்தனை வருஷம் வராத ஞாபகம், புத்தகம் வந்ததும் வந்துடுச்சாக்கும்? உனக்கும் பேர் வேணுமா?"

 தங்கை பார்த்த தோளைப் பற்றி மட்டும் சொல்லிவிட்டுத் திரும்பி நடந்தாள்.  அவளிடம் இருந்த ஒரே உண்மையும் இப்போது பொறாமைபோல் ஆகிவிட்டது.

பத்து நாள் கழித்து அவரே தொலைபேசியில் கூப்பிட்டார்.

"குருவிகிட்ட கேட்டேன். அழுதா. இல்லைன்னு சொல்லலை."

அவரே தொடர்ந்தார்.

"உன் முகத்தைக்கூடப் பாக்காம இருந்ததுக்கு நான்தான் மன்னிப்பு கேக்கணும். ஆனா நீயும் என் கட்டில் பக்கத்துல நின்னு பொய்தானே சொன்னே?"

"ஆமா."

"அவ சொன்னதைவிட அதுதான் வலிக்குது. அவளை நான் என்னைக்கும் நம்பினதில்லை. உன்னை நம்பித்தான் பின்னால தூங்கினேன்."

ரிசீவரைப் பிடித்துக்கொண்டே பைலட் படியில் உட்கார்ந்துவிட்டாள். தன்னை ஏமாற்றியவர்களை விரல் விட்டு எண்ணியிருக்கிறாள். தான் ஏமாற்றிய ஒருவரை எண்ணாமலே விட்டிருந்தாள்.

புத்தகம் மூன்றாம் பதிப்பு வந்துவிட்டது; அந்த வரி அப்படியே இருக்கிறது. மாதம் ஒருமுறை பேஸ்காரர் கூப்பிடுகிறார். அதிகம் பேச மாட்டார். வேலை எப்படிப் போகிறது என்பார். விரல் எப்படி இருக்கிறது என்று இவள் கேட்பாள். குளிர்காலத்தில் வலிக்கும் என்பார். அடுத்த மாதம் பேசலாம் என்று சொல்லி வைத்துவிடுவார்.